பெட்டியின் பின்பக்கம்

உங்கள் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று கடைசியாக எப்போது அண்ணாந்து பார்த்தீர்கள்? புதுக் கட்டடம் எழும்பும் தெருவில், தகரத் தடுப்புக்கு மேலே ஒரு மஞ்சள் கை வானத்தைத் துழாவிக்கொண்டிருக்குமே, அதன் நுனியில் ஒரு லாரி எடை இரும்பு மெல்ல ஆடிக்கொண்டிருக்குமே, அது யார் பிடியில் இருக்கிறது என்று யோசித்ததுண்டா? அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டார் என்று? இருக்காது. நம்பிக்கையோடு நடக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பார்க்காமல் நடப்பதுதான்.

இந்தக் கதையில் வரும் கிரேன் ஆபரேட்டரை வேலையிடத்தில் எல்லோரும் பருந்து என்பார்கள். பத்தொன்பது வயதில் கலவை சுமக்க வந்தவர். கிரேன் ஏறக் கற்றுக்கொள்ள யார் தயார் என்று ஒருநாள் கேட்டபோது மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், இவர் மேலே பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய முன்னேற்றத்தின் வரலாறு. அதன்பிறகு எத்தனையோ கட்டடங்கள் அவர் கண்முன்னே அவர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. எதிலும் அவர் குடியிருந்ததில்லை.

அவர் வேலை செய்யும் இடம் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள், ஒரு வாக்கிடாக்கி. காலையில் ஏணி பிடித்து ஏறினால் மாலையில்தான் இறக்கம். குடிக்கத் தண்ணீர் பாட்டில் ஒன்று. இறங்க முடியாதவருக்கு இன்னொரு பாட்டிலும் வேண்டுமல்லவா, அதுவும் உண்டு. “எந்தப் பாட்டில் எதுன்னு குழம்பாதவர்தான் நல்ல ஆபரேட்டர்” என்று அவருடைய மச்சான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இந்த வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தவரே பருந்துதான். கொக்கிக்குக் கீழே நின்று கையை அசைத்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று காட்டும் சைகைக்காரன் அவன். மேலே இருப்பவருக்குச் சுமை மறைக்கும் இடங்களில் அவன்தான் கண். வீட்டில் அக்கா விரலை அசைத்தால் நடக்கிறார், இங்கே தம்பி விரலை அசைத்தால் நடக்கிறார், இவரை எங்கள் குடும்பத்துக்கே எழுதிவைத்துவிட்டார்கள் என்பான். இருவருக்கும் இடையே அப்படி ஒரு பழக்கம் படிந்திருந்தது. வாக்கிடாக்கியில் இவர் தொண்டையைச் செருமினாலே அவன் இரண்டடி தள்ளி நிற்பான்.

வழக்கமான உடல் பரிசோதனையில் ஒருமுறை பருந்துக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. டாக்டர் நீட்டி முழக்கவில்லை. இப்படியே விட்டால் கண் மங்கும், மேலே இருப்பவருக்குக் கண் மங்கினால் கீழே நிற்பவர் உயிர்தான் போகும் என்று மட்டும் சொல்லி, ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கீழே நிற்பவர் என்று டாக்டர் பொதுவாகத்தான் சொன்னார். பருந்துக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் இருந்தது.

அன்றோடு சோறு போயிற்று. ரொட்டி, கிழங்கு போயின. தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கலக்கிக் குடித்தவர், சர்க்கரை டப்பா இருக்கும் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. முட்டை, கீரை, இறைச்சி, கொஞ்சம் கொட்டைகள். மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையும் என்பது எளிய கணக்கு, அதை அவர் முழுமனதாக ஏற்றுக்கொண்டார். “வீட்ல ஒரு ஆடு வளர்க்கிற மாதிரி இருக்கு” என்று மனைவி சொன்னாலும், விடிவதற்குள் எழுந்து கீரை ஆய்ந்தவளும் அவள்தான்.

மதியச் சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது.

முன்பு வேறொரு வேலையிடத்தில் கூண்டுக்குள் சிந்திய பருக்கைகளைத் தேடி எலி ஏறி, மின்கம்பியைக் கடித்துவைத்துவிட்டது. அதிலிருந்து மேலே திறந்த சாப்பாடு கூடாது என்று விதி. முத்திரை போட்ட பொட்டலங்கள் மட்டும் போகலாம். இன்னொரு விதியும் உண்டு. அட்டை, தாள் என்று காற்றில் பறக்கக்கூடிய எதையும் மேலே கொண்டுபோகக் கூடாது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு அட்டை பறந்து ஓட்டுநர் ஒருவரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயந்து போட்ட விதி. நல்ல விதிதான். அதற்காகவே கிரேனின் காலடியில் ஒரு தகர டிரம் இருந்தது. ஏறுகிறவர் அங்கே நின்று அட்டைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பொட்டலங்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியை டிரம்மில் எறிந்துவிட்டு ஏற வேண்டும்.

வேலையிடத்துக் கதவோரம் ஒரு கடை. அங்கேதான் பருந்து அந்தச் சத்துப் பொடியைக் கண்டுபிடித்தார். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் ஒருவேளைச் சாப்பாடு. பெட்டியின் முன்னால் பச்சை இலை ஒன்று, இடுப்பில் கைவைத்துச் சிரிக்கும் ஒல்லியான ஆள் ஒருவர், ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று விரல் பருமனில் எழுத்து. உள்ளே இருந்த பொட்டலங்களிலும் அதே இலை, அதே வாசகம். பொட்டலத்தின் ஓரத்தில் ‘தனியாக விற்பதற்கல்ல’ என்ற ஒரு வரி. தனியாக விற்காததால் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைப் பொட்டலத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அது பெட்டியின் பின்பக்கத்தில் மட்டும் இருந்தது. பெட்டியோ டிரம்மில் இருந்தது.

டிரம்மில் போடுவதற்கு முன் அவர் படித்திருக்கலாமே என்பீர்கள். பருந்து என்ற பெயர் எதற்கு வந்தது? முப்பது மாடிக்குக் கீழே மச்சான் சட்டைப் பொத்தானைத் தவறாகப் போட்டிருந்தால் மேலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் ஐம்பதைத் தாண்டியவருக்குக் கைக்கெட்டும் தூரத்து எழுத்து எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. படிக்கும் கண்ணாடி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடந்தது. வேலைக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பொடியை விற்றவர்களுக்கு இது தெரியாதா என்ன? முன்பக்கத்து எழுத்தைத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கலாம். பின்பக்கத்து எழுத்துக்கு நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் நிறைய நேரமும் வேண்டும். கூலிக்கு ஓடுகிறவனிடம் இந்த மூன்றும் சேர்ந்து எப்போது இருந்திருக்கின்றன?

எண் இறங்கவில்லை. மனைவி விரல் நுனியில் குத்தி அளவெடுப்பாள், கருவியைத் தட்டிப் பார்ப்பாள், மறுபடி குத்துவாள். காலையில் கொஞ்சம் நல்லபடியாக இருக்கும். மாலையில் அவர் இறங்கி வந்ததும் எடுத்தால், கல்யாண விருந்துக்குப் போய்வந்தவர் மாதிரி காட்டும்.

அவள் ஒரு தையல் ஆலையில் பிழை பார்க்கும் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்கச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பிசிறு தேடும் கண் அது. வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் புரட்டினாள். சட்டைப் பைகளைச் சோதித்தாள். குழந்தையிடம் செய்வது போல வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டாள். அவர் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனார். சத்தியத்தால் சர்க்கரை இறங்காது, வாயைக் கட்டினால்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டாள். செய்யாத திருட்டுக்கு வீட்டிலேயே குற்றவாளியாக உட்கார்ந்து கீரை தின்றார்.

டாக்டரும் நம்பவில்லை. சாப்பிட்டுவிட்டு இல்லையென்று சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எழுதியிருந்த மாத்திரையை இரட்டிப்பாக்கினார். சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் செய்தால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இந்த மாத்திரை சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும் என்று எச்சரித்தார். பருந்து தலையாட்டினார். மாற்றம் செய்ய அவரிடம் என்ன மிச்சமிருந்தது?

அந்த நாட்களில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று நடந்தது. மதியம் பொடியைக் கலக்கிக் குடித்துச் சற்று நேரம் கழித்து உடம்பு ஈரச் சாக்கு போல கனக்கும். ஒருநாள் குனிந்து பார்த்தபோது கொக்கிக்குக் கீழே இரண்டு மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன. இரண்டும் ஒரே மாதிரி கையை அசைத்தன. எது மச்சான், எது கண் செய்த மச்சான் என்று பிரித்தறிய முடியவில்லை. கண்ணை மூடித் திறந்தார். ஒன்றாயிற்று. சொன்னால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், சொல்லாவிட்டால் என்னவாகும் என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை. இன்னும் கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்தார். முட்டையைக்கூடக் குறைத்தார். பொடியை மட்டும் குறைக்கவில்லை. அதில்தான் சர்க்கரை இல்லையே.

ஒருநாள் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு, மதிய நேரமாகப் பார்த்து வேலையிடத்துக் கதவுக்கே வந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். கதவுக்குள் விடமாட்டார்கள். கம்பிகளுக்கு வெளியே நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

“உண்மையைச் சொல்லுடா. மேல என்ன கொண்டு போறாரு?”

“சத்தியமா ஒண்ணுமில்ல அக்கா. ஏறும்போது பையைத் தடவிப் பார்த்து அனுப்புறதே நான்தான். நீ சொன்னதுக்கு அப்புறம் மாமாவைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன். எனக்கே அசிங்கமா இருக்கு.”

“அப்ப எப்படிடா ஏறுது? வெயில் குடிச்சா ஏறுதா?”

அவன் டிரம்முக்குப் போய்க் குனிந்து ஒரு காலிப் பெட்டியை எடுத்துவந்து கம்பிகளுக்கு இடையே நீட்டினான். மாமா நிரபராதி என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அது.

“இதைத்தான் குடிக்கிறாரு. பாரு, எவ்வளவு பெருசா போட்டிருக்கான், சர்க்கரையே இல்லைன்னு.”

அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையென்றால் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள், கைப்பழக்கம் அப்படி. பெட்டியைத் திருப்பினாள். கலந்திருப்பவற்றில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அடுத்தது உலர்த்திய பழச்சாற்றுச் செறிவு. பிறகு பார்லி மால்ட் சாறு, பேரீச்சைப் பொடி. பால் புரதம் அதற்கும் கீழே, பின்வரிசையில் தலைகுனிந்து நின்றது. அட்டவணையில் மாவுச்சத்து என்ற இடத்தில் ஓர் அளவு போட்டிருந்தது, குறைவாகத்தான் இருந்தது. ஓரத்தில் பார்த்தால் அது ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒருவேளைக்கு, உரிய அளவு. ஒரு பொட்டலத்தில் மூன்று பரிமாறல்கள். ஒரு பொட்டலத்தை மூன்று நாள் வைத்துக் குடிக்கும் மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்?

முதல் பெயர் அவளுக்குப் புரியவில்லை. அங்கேயே நின்று கைபேசியில் தேடினாள். மாவை உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி அது. நாக்குக்கு இனிப்பதில்லை, அதனால் சட்டத்தின் கணக்கில் சர்க்கரை ஆவதில்லை. ரத்தத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. சர்க்கரையை விட வேகமாகவே ஏற்றிவிடுகிறது.

“இவன் இனிப்பை எடுத்துட்டு இனிப்போட அப்பனைப் போட்டிருக்கான்டா” என்றாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டு ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. “மனுஷனை எத்தனை நாளா அழ வச்சிருக்கேன்.”

அன்று மாலை வீட்டில் இருந்த பொட்டலங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. இறைச்சித் துண்டுப் பொட்டலத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற பேரில் சர்க்கரை, சாஸ் பாட்டிலில் சோளப் பாகு, கொட்டைகளின் மேல் தேன் பூச்சு. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி அவள் வாசிக்க வாசிக்க, அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. பருந்து நாற்காலியில் சாய்ந்து, விடுதலையான கைதி தீர்ப்பைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இனி வேலையிடத்தில் அனுமதி கேட்டு, சிந்தாதபடி இறுக மூடிய டப்பாவில் வேகவைத்த முட்டையும் வறுத்த கொட்டையும் மேலே போகும் என்று முடிவாயிற்று.

மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை. மருத்துவமனைத் தாள்களில் அவர் முதல் நாளிலிருந்தே சர்க்கரை தொடாதவர். இல்லாத சர்க்கரையை நிறுத்துவது எப்படி ஒரு மாற்றமாகும்? அந்தப் பொடிக்காகவே இரட்டிப்பான மாத்திரை, பொடி போன பிறகும் காலை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எண் இறங்கியது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. மறுநாள் இன்னும் இறங்கியது. லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். விஷம் இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று மனைவி சொன்னாள்.

அதற்கடுத்த நாள் மேகம் கறுத்திருந்தது. காற்று வலுப்பதற்குள் மேல்தளத்துக்கான கம்பிக் கட்டுகளை ஏற்றிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். மதியம் தள்ளிப்போயிற்று. சாப்பாட்டு டப்பா மூடியபடியே நாற்காலிக்கு அடியில் இருந்தது. ஒரு கட்டு தரையிலிருந்து இரண்டாள் உயரம் எழும்பியிருந்தபோது பருந்தின் கழுத்தில் குளிர்ந்த வியர்வை ஊறியது. விரல்கள் தாமாகவே ஆடின. கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகம் தண்ணீருக்கு அடியில் போனது போல அசைந்தது.

கீழே மச்சான் ‘தூக்கு’ என்று காட்டினான். சுமை மேலே போகவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. நிறுத்து என்று காட்டினான். நிற்கவில்லை. கொக்கியின் வழியில் இரண்டு தச்சர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஓடிப்போய் இருவரையும் பிடித்துத் தள்ளினான். கட்டு ஒரு தூணில் இடித்தது. கட்டியிருந்த வடம் ஒரு பக்கம் நழுவி, சில கம்பிகள் உருவிக்கொண்டு விழுந்தன. அவன் திரும்பி ஓடுவதற்குள் அவை அவன் காலின் மேல் விழுந்தன.

இடித்த அதிர்ச்சியில் பருந்தின் கைகள் நெம்புகோல்களை விட்டன. விட்டால் கிரேன் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நின்றது. மிச்சக் கம்பிகள் ஒரு பக்கம் சரிந்து, விழுந்து கிடந்தவனுக்கு நேர் மேலே, காற்றில் மெல்லச் சுழன்றபடி தொங்கின. எந்த நேரமும் உருவிக்கொள்ளலாம். அவனை இழுக்க யாராலும் கிட்டே போக முடியவில்லை. சுமையை விலக்கக்கூடிய ஒரே ஆள் மேலே இருந்தார். அவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதே பாதிதான் தெரிந்தது. ஏறிப்போய் உதவ வேண்டுமானால் ஏணிதான் வழி. அதற்குள் காற்று வந்துவிடும்.

வாக்கிடாக்கி மச்சானின் கையிலேயே இருந்தது.

“மாமா, கேட்குதா?”

“மச்சான், எனக்கு என்னமோ பண்ணுது. கை நிக்கல. நீ எங்க இருக்கே?”

“நான் எப்பவும் நிக்கிற இடத்துலதான் இருக்கேன்.” படுத்துக்கொண்டுதான் சொன்னான். “மாமா, சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு போல. மேல இனிப்பா ஏதாவது இருக்கா?”

“உங்கக்கா எதைடா விட்டு வச்சா.”

“அந்தப் பொடி? ஒண்ணாவது?”

கீழே தள்ளி நின்றவர்கள் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் எதையோ தடவும் சத்தம்.

“ஒண்ணு கிடக்கு. ஆனா அதுல சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கே.”

குழம்பிப்போன மூளை அது. பின்பக்கத்தைப் படித்துக் கேட்டதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. விரல் பருமனில் அச்சடித்த பொய்தான் மிஞ்சியிருந்தது.

“போட்டிருப்பான் மாமா. நீங்க என்னை நம்புங்க. கிழிச்சு அப்படியே வாயில கொட்டுங்க. தண்ணியை ஊத்துங்க. பாட்டில் மட்டும் மாறிடாம.”

வலியில் முகம் வெளிறிக்கிடந்தவன் சொன்னது இது. மேலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு, அல்லது இருமல், கேட்டது.

காற்று முந்துகிறதா, பொடி முந்துகிறதா என்று அத்தனை பேரும் காத்து நின்றார்கள். தொங்கிய கட்டிலிருந்து இன்னும் ஒரு கம்பி நழுவி அவன் தோளருகே தரையில் குத்தியது. அவன் கண்ணை மூடவில்லை. மேலே பார்த்தபடியே மாமாவிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

“தெரியுது மச்சான். உன்னை இப்பத் தெரியுது.”

படுத்திருந்தபடியே அவன் கையை உயர்த்திச் சைகை காட்டினான். சுமை ஒரு சாண் எழும்பி, விலகி, காலியிடத்தில் இறங்கியது. அவ்வளவு மென்மையாக அவர் எந்தச் சுமையையும் இறக்கியதில்லை என்கிறார்கள். அதுதான் அவர் இறக்கிய கடைசிச் சுமை.

மச்சானின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. ஆபரேட்டரின் உடல்நலக் குறைவும் கவனக்குறைவும் காரணம் என்று முடிவு செய்தார்கள். பருந்து இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வரும் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறார். மாத்திரை குறைந்துவிட்டது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் நேராக மச்சான் வீட்டுக்குப் போவார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. மனைவி மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “பின்பக்கத்தைப் படிச்சேன், அதோட நிறுத்திட்டேனே. டாக்டர்கிட்ட ஓடியிருக்கணும் இல்ல?” ஆமாம், ஓடியிருக்க வேண்டும். ஆனால் திருட்டைக் கண்டுபிடித்தவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் இந்த உலகம், திருடியவனைக் கேட்டதா?

கேட்டுப் பார்த்தாள் அவள். பொடி செய்யும் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தாள். மிகவும் இனிமையான குரலில் பதில் வந்ததாம். எல்லாவற்றையும் விதிப்படி பெட்டியில் அச்சிட்டிருக்கிறோம், வாடிக்கையாளர் படித்துக்கொள்ள வேண்டும் என்று. உண்மைதான். பெட்டியில் சட்டத்துக்கு அகப்படும் பொய் ஓர் எழுத்துகூட இல்லை. அதுதான் பயங்கரம்.

அக்கம்பக்கத்தில் சிலர் விதி என்றார்கள். விதிக்கு அச்சகம் கிடையாது. எந்த எழுத்தைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது, ஒரு பொட்டலத்தை எத்தனை பரிமாறலாகப் பிரிப்பது என்று ஓர் அறையில் உட்கார்ந்து மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த அறைக்கு மேலே எதுவும் தொங்குவதில்லை.

அந்தப் பொடி இன்றும் கதவோரக் கடையில் இருக்கிறது. இலை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை கடையில் ஒருவர், பெட்டியைக் கை நீளத்துக்கு நீட்டி, கண்ணைச் சுருக்கி, பிறகு சலித்துப்போய்க் கூடையில் போடப் போவதைப் பார்த்தால், தாண்டிப் போய்விடாதீர்கள். அதை அவர் கையிலிருந்து வாங்குங்கள். திருப்புங்கள். பின்பக்கத்தை முதல் பெயரிலிருந்து, கடைக்காரர் காதிலும் விழும்படி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எதையும் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அவர் எந்த நெம்புகோலைப் பிடிப்பவர், அதன் கீழே யார் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் படியுங்கள்.